கணக்குத் தெரிஞ்சவங்க கோர்வை கட்டும்போது

“கணிதத்துல ஆராய்ச்சி பண்றேன், பாட்டும் கத்துக்கிட்டிருக்கேன். சொந்தமா கோர்வை, சிட்டஸ்வரம் அமைக்க என் கணக்கு கைகொடுக்குமா? ரெண்டையும் சேர்த்து நடத்த முடியுமா?”ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க. (கோர்வைன்னா மூணு மூணு தடவையா வந்து தாளத்துல சரியா முடியற ஸ்வரக் கணக்கு; சிட்டஸ்வரம்னா பாட்டுக்கு நடுவுல பாட முன்கூட்டியே அமைச்ச ஸ்வர வரிசை.)

நடத்தலாம். அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல கணிதமும் சொல்லிக்கொடுத்தார், இசையமைப்பும் சொல்லிக்கொடுத்தார். ஆனா கணக்கு எந்த இடத்துல உதவும்னு தெரியணும். நிறைய பேர் மேளகர்த்தாவுல, அதாவது தாய் ராகங்களோட பட்டியல்ல, போய் உட்கார்ந்துடுவாங்க. மத்யமம் 2, ரி-க ஜோடி 6, த-நி ஜோடி 6, பெருக்கினா 72. வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டுலயே அதை முடிச்சுட்டார். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு வரி பாட்டு வராது.

கோர்வைக்கு வாங்க. ஆதி தாளம், ஒரு களை, சதுச்ர நடை: அதாவது எட்டு அடி, அடிக்கு நாலு மாத்திரை. ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தோட ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை, ரெண்டுக்கு 64. கடைசியில அஞ்சு மாத்திரை மூணு தடவை, நடுவுல ரெண்டு ரெண்டு மாத்திரை கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிக்கற இடைவெளி): 5+2+5+2+5, ஆக 19. மீதி 45. அது மூணு 15: ஸ்வரம் 12, கார்வை 3, மூணு தடவை. சமத்துல, அதாவது தாளத்தோட முதல் அடியில, ஆரம்பிச்சா சமத்துலயே வந்து விழும்.

பாட்டோட எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கற இடம், சமத்துலேருந்து அரை அடி (ரெண்டு மாத்திரை) தள்ளி இருந்தா? சமத்துலேருந்து 66 வேணும். 19 போனா 47, மூணுல வகுபடாது. இங்கதான் பலர் முன்பகுதியில ரெண்டு மாத்திரையை ஒட்டுப் போடுவாங்க, கேட்டாலே பல்லிளிக்கும். தேவையே இல்லை. மூணு தடவை வர்றது எதுவா இருந்தாலும் மூணால வகுத்தா மீதி பூஜ்யம். மீதியைத் தீர்மானிக்கிறது அஞ்சுகளுக்கு நடுவுல வர்ற அந்த ரெண்டு கார்வை மட்டும்தான். ஒவ்வொண்ணையும் 2-லேருந்து 3 ஆக்குங்க. 19, 21 ஆகும். 66-ல 21 போனா பழைய 45. முன்பகுதியைத் தொடவே வேண்டாம்.

எண் சரியா வந்தும் கெட்டுப்போறது வேற இடத்துல. அஞ்சுன்னதும் கை ‘ஸரிகமப’ன்னு எழுதிடும். ரீதிகௌளை வக்ர ராகம், ஸ்வரங்கள் நேர் வரிசையில போகாம வளைஞ்சு போகும், அங்க அது ராகத்தையே அழிச்சிடும். ‘கரிகமா’ன்னு மத்யமத்தை நீட்டுங்க, அதுவும் அஞ்சுதான். கார்வையையும் ராகம் நிக்கற ஸ்வரத்துல வைங்க. இங்க மத்யமம் தாங்கும், நிஷாதம் தாங்கும்.

அதனால பாட்டு முதல்ல, கணக்கு அப்புறம். பத்துப் பிடியை (ராகத்தைக் காட்டற சின்னச் சின்ன ஸ்வரத் தொடர்) பாடிப் பதிவு பண்ணி, மாத்திரை எண்ணி அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு பிரிச்சு வைங்க. ஆராய்ச்சி நெருக்கடியிலயும் இருபது நிமிஷத்துல இது முடியும். கட்டினதை ஒரு வாரம் கழிச்சு, நோட்டைப் பார்க்காம, கையில தாளம் போட்டுப் பாடுங்க. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் பாட முடியுதுன்னா அந்த 12 மாத்திரை ஸ்வரத்துக்கு வேற பிடி தேடுங்க.