சட்டியில் என்ன இருக்கிறது?

(மீன்பிடித் தடைக்காலத்தில், தீவுக்கரை ஊர் ஒன்றின் பங்கு மண்டபத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியது. கைத்தட்டல்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எனக்காக வெற்றிலையை ஒதுக்கிவைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, அழைத்தவுடன் வந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, மாதா சபைத் தாய்மார்களே, தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாததால் வேறு வழியின்றி வந்திருக்கும் என் அருமைத் தம்பிகளே! பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். போன ஆண்டு ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்றுவரை எனக்குத் தேநீர் வாங்கித் தருவதில்லை.

துண்டு போர்த்தினீர்கள், நன்றி. இந்தத் துண்டின் விலைக்கு ஒரு புத்தகம் வாங்கலாம் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறேன். துண்டுகள்தாம் வீட்டில் சேர்கின்றன.

கடவுளை நம்பாத நண்பரிடம் நம் விசுவாசத்தை எப்படி விளக்குவது? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, கேட்பது. இரண்டு, அறிந்து பேசுவது. மூன்று, அறிவியல் எழுப்பும் கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர் எவருக்கும் விடை சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதையும் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. 'விடை' என்ற இடத்தில் கிரேக்கத்தில் 'அப்போலோகியா' என்று இருக்கிறது. வழக்கு மன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து நின்று சொல்லும் மறுமொழி அது. கூண்டில் நிற்பது நாம். நாமோ நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எதிரில் இருப்பவரை விசாரிக்கிறோம். நான் விசாரித்த கதையைச் சொல்கிறேன்.

1985, மார்கழி மாதம். சாலைப் பாலம் அப்போது இல்லை, 1988-இல்தான் திறந்தார்கள். தீவுக்கு வர ரயில், தப்பினால் படகு. அந்நாளில் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். அன்று வாடை பிடித்துக்கொண்டது. மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நின்றது நின்றதுதான். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். கறுப்புச் சட்டை, மடியில் மஞ்சள் பை. எனக்கு இருபத்து மூன்று வயது. சட்டைப் பையில் ஒரு நோட்டு. அதில் நாத்திகர் கேட்கக்கூடிய நாற்பது கேள்விகள், எதிரே நாற்பது பதில்கள். நானே தயாரித்தது. கடவுளைக் காட்ட முடியுமா என்பது ஒன்றாம் கேள்வி. உலகில் துன்பம் ஏன் என்பது பதினேழாவது. அதற்கு மட்டும் அ, ஆ, இ என்று மூன்று பதில்கள். கறுப்புச் சட்டையைக் கண்டதும், சீலா மீனைக் கண்ட தூண்டில்காரன் ஆகிவிட்டேன்.

"ஐயா, கடவுள் இல்லை என்கிறீர்களா?" என்று நானே தொடங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்தார். தோலை உரித்தார். இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். நான் தின்றுகொண்டே ஒன்றாம் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கும் சொன்னேன். அவர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லி ஒன்பதுவரை போய்விட்டேன். வண்டிதான் நகரவில்லை.

நார் பல்லில் சிக்கி நான் சற்று ஓய்ந்த நேரத்தில் அவர் கேட்டார்: "தம்பி, 64 புயலில் தனுஷ்கோடி வண்டி கடலோடு போனதே, அதற்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?"

பதினேழைப் புரட்டினேன். 'அ' சொன்னேன். 'ஆ' சொன்னேன். 'இ'-க்கு வாய் திறந்தபோது, "என் அக்கா அந்த வண்டியில் இருந்தாள்" என்றார்.

டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டை மூடினேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழாம் பக்கத்தை முழுதும் படித்தார். பேனா கேட்டார். எதை அடிக்கப் போகிறாரோ என்று பார்த்தால், 'துன்பத்தை பற்றி' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நடுவே ஒரு 'ப்' போட்டார். தமிழாசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தவன் நான்!

அதன் பிறகு அக்காவைப் பற்றிக் கேட்டேன். பெருந்தன்மையால் இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல். தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவளாம். தாய்வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் தம்பிக்குச் சோழி பொறுக்கி வருவாளாம். இரவு ஒன்பது மணிக்குச் சிக்னல் விழுந்தது. பாலத்தைக் கடக்கும்வரை இருவரும் பேசவில்லை. பாம்பனில் இறங்கும்போது, "அடுத்த முறை நோட்டு இல்லாமல் வா" என்றார். அடுத்த முறை வாய்க்கவில்லை.

தம்பிகளே, நாற்பது பதில் வைத்திருந்த நான் அதுவரை யோபு நூலை ஒரு தடவைகூட முழுதாகப் படித்ததில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இன்று உங்களிடம் நோட்டு இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. யாரோ அனுப்பிய பதிலை யாருக்கோ தள்ளிவிடுகிறீர்கள். ஒற்றுப்பிழையும் அப்படியே போகிறது.

ஏதென்ஸுக்குப் போன பவுல் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். 'அறியாத தெய்வத்துக்கு' என்று எழுதியிருந்த பலிபீடத்தைப் படித்தார். அவர்களுடைய கவிஞர்களின் வரியைச் சொல்லித்தான் பேசினார். கறுப்புச் சட்டைக்காரர்களோடு பேச விரும்பும் நம்மில் எத்தனை பேர் பெரியாரின் எழுத்தை ஒரு பக்கமாவது படித்திருக்கிறோம்? பங்குத்தந்தை சிரிக்கிறார், அவர் படித்திருப்பார்.

ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுண்ட துறவி அருளானந்தரின் ரத்தம் சிந்திய செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். லிஸ்பனில் பிறந்த மனிதர் இங்கே வந்து தமிழ் படித்து, காவி உடுத்தி, புலால் மறுத்து வாழ்ந்த பாட்டை யார் எண்ணிப் பார்க்கிறோம்? அவருக்கும் நூறாண்டு முந்தியவர் அன்றீக்கஸ் அடிகளார். இந்தக் கரைக்கு வந்து தமிழுக்கு இலக்கணம் எழுதியவர். 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூல் அச்சேறியது. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? முத்துக்குளித்துறைப் பரதவர்கள்! எழுதப் படிக்கத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில், சங்கு குளித்து முத்துக் குளித்துச் சேர்த்த காசைப் புத்தகத்துக்குக் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாம் திருவிழாவில் வாணவேடிக்கைக்குக் கொடுக்கிறோம். நான் வாணவேடிக்கைக்கு எதிரி இல்லை. பாதிக் காசு, பாதிக் காசு என்றுதான் ஆறு ஆண்டுகளாகக் கெஞ்சுகிறேன்.

கோயிலுக்குத் தென்புறம் வலைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. வலை பொத்துகிறவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். உள்ளே அறுந்த நைலான் வலை, இரண்டு உடைந்த மிதவைகள், தேர்ச்சக்கரம் ஒன்று. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். மின்சாரம் இருக்கிறது. நான்கு பெஞ்சும் இரண்டு அலமாரியும் போட்டால் படிப்பகம். நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கட்டும். பேச்சு தானாக வரும். ஜமாஅத் தலைவர் தம் பங்காக ஓர் அலமாரி தருவதாக வாசலிலேயே சொல்லிவிட்டார். நம் பக்கத்திலிருந்துதான் இன்னும் குரல் வரவில்லை.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது செய்தி அறிவியல். அதற்கு நேரமில்லை, அதற்கான புத்தகங்களும் ஊரில் இல்லை. படிப்பகம் திறந்த பிறகு அங்கேயே வைத்துப் பேசுவோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். வலைக்கூடத்துச் சாவி சங்கத்தில் இருக்கிறது என்று ஊர்த் தலைவர் சொல்கிறார். கோயிலில் இருக்கிறது என்று சங்கத் தலைவர் சொல்கிறார். இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் இருக்கிறார்கள். யாரிடம் இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிட்டால் நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.