"மங்குன்னா என்ன, டீச்சர்?"

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய ஒரு சனிக்கிழமை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் புதுமையாகப் பயன்படுத்தலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.

என் ஆண்டு 3 பிள்ளைகளுக்கு ஒரு வாரக் கடைசியில் சின்ன வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், இளம் வயதில் என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். பதிலை அம்மா அப்பாவின் கைப்பேசியில் 2 நிமிடம் பதிவு செய்து புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்ப வேண்டும். வந்த பதிவுகளில் ஒன்று, நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த, ஒரு பாட்டியுடையது. "இருட்டோட பெரட்டுக்குப் போயி நிக்கணும். அப்புறம் நிரைக்குப் போயி, மங்கத் தொடச்சு வச்சிட்டு வெட்டணும். வெயில் ஏறிட்டா பால் நின்னுபோகும்" என்கிறார். பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது, நிரை என்பது மர வரிசை. பதிவின் பின்னால் கோழி கூவுகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

திங்கட்கிழமை அதை வகுப்பில் போட்டேன். பதிவு செய்த பேரனே கையைத் தூக்கினான். "மங்குன்னா என்ன, டீச்சர்?"

மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கிற கிண்ணம் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாட்டிகிட்டயே கேட்டு வா. அதையும் பதிவு செய்" என்று அனுப்பினேன். மறுநாள் மங்குக்கு விளக்கம் வந்தது. கூடவே பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, தொழிலாளர்களின் வரிசை வீடான லயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என்று புதுச் சொற்களும் வந்து சேர்ந்தன. மற்றப் பிள்ளைகளும் தங்கள் வீட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்தில் 37 சொற்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிள்ளை படம் வரைந்து, பொருளைத் தன் குரலில் சொல்லிப் பதிவு செய்தது. பாட்டி தாத்தாவின் குரலையும் அதோடு இணைத்து, படத்தின் மூலையில் ஒரு கியூஆர் குறியை ஒட்டினோம். 1994இல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவான குறி அது. எங்கள் வகுப்புச் சுவரில் அது பால்மரக் காட்டைப் பேச வைத்தது.

வெயில் ஏறினால் பால் ஏன் நிற்கிறது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இரவெல்லாம் மரம் நீரை உறிஞ்சி வைத்திருப்பதால், பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி அந்த அழுத்தம் குறைந்துவிடும். தமிழ்ப் பாடமாகத் தொடங்கியது அப்படியே அறிவியல் பாடத்துக்குள் போய்விட்டது. நான் திட்டமிட்டு நடந்ததில்லை அது.

இதற்கு ஆன செலவு என்ன? வீட்டில் இருக்கிற கைப்பேசி, கொஞ்சம் தாள், பசை.

நான் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நாம் எல்லாரும் ஒரே மூச்சில் காணொலிக்கும் புதிர்ப் போட்டிக்கும் தாவினோம். அன்றைக்கு வேறு வழி இல்லை. அந்த மாதங்களில் நம் ஆசிரியர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மோடு வகுப்புக்குள் வந்துவிட்டது. வலையொளியில் (யூடியூப்) ஒரு கதையைப் போடுகிறோம், பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள். அந்த அமைதியைக் கற்றல் என்று நானும் பல நாள் நம்பினேன். பிறகு ஒருநாள், படம் முடிந்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எழுந்து நின்ற ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று வாக்கியம் வரவில்லை. கருவி முழுக்கப் பேசிவிட்டது. பிள்ளை பேச இடமே இருக்கவில்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். முதலில் கையால் எழுதட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் இந்த நாட்டின் தமிழ்க்கல்வி தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தால், விரலும் எழுதுகோலும்தான் எழுத்தைப் பிள்ளைக்குள் இறக்கியிருக்கின்றன. ஆனால் ஆண்டு 2இல், தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ் 99 விசைப்பலகையைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' வருகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று கரும்பலகையில் நாம் பத்துத் தடவை சொல்லும் இலக்கணம் அங்கே விரல் நுனியில் நடக்கிறது. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' என்று புள்ளி தானாக விழும். "புள்ளிய யாரு வச்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டே தீருவார்கள். அந்தக் கேள்வியிலிருந்து இரட்டிக்கும் மெய்யைப் பற்றி ஒரு பாடமே நடத்தலாம். 247 எழுத்தும் முப்பத்துச் சொச்சம் விசைக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறை பெரியவர்களுக்கு வசதிதான். சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா என்றதும் மனத்தில் 'அ' வர வேண்டும், 'ஏ' என்கிற ஆங்கில எழுத்து வரக் கூடாது.

அடுத்து நம் எல்லாருக்கும் தலைவலி தரும் ழகரம். கைப்பேசியில் தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. பிள்ளை "வாழை" என்று சொல்லட்டும், திரையில் என்ன விழுகிறது என்று பார்க்கட்டும். 'வாலை' என்று விழுந்தால் நான் திருத்த வேண்டியதே இல்லை, பிள்ளையே நாக்கை மடித்து மறுபடி முயல்கிறது. நான் திருத்தினால் கூச்சப்படும் பிள்ளை, கருவியோடு இருபது தடவை மல்லுக்கட்டுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு வாக்கியமாகச் சொன்னால், நாம் தவறாக உச்சரித்தாலும் சூழலைப் பார்த்து அது சரியாக எழுதிவிடக்கூடும். அதனால் தனிச் சொற்களாகச் சொல்ல வையுங்கள்: வாழை, வாளை, பழம், பலம், அழகு, அலகு. தெளிவாகச் சொல்லியும் சில நேரம் கருவி தப்பாக எழுதும். அப்போது "மெஷினுக்குக் காது சரியில்ல" என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லட்டும். கருவி சொல்வதெல்லாம் சரியாக இருந்துவிடாது என்று ஏழு வயதில் தெரிந்துகொள்வதும் ஒரு படிப்புதான்.

களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து அசைபடம் செய்வது பலருக்கும் தெரிந்த முறை. அதில் கணக்கை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். நொடிக்கு 8 படம், கதை 30 நொடி என்றால் எத்தனை படம்? 240. பிள்ளைகள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் காகத்துக்குச் சிறகை எத்தனை தடவை அடிக்க வைக்கலாம் என்று சண்டை போடுவார்கள்.

எங்கள் பள்ளியில் டேப்லட் ஆளுக்கு ஒன்று இல்லையே என்று சிலர் நினைப்பது தெரிகிறது. ஐந்து பேருக்கு ஒன்று இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஒருவர் பிடிக்க, ஒருவர் பேச, ஒருவர் எழுத என்று வேலை பிரிந்துவிடும். ஆளுக்கொன்று கொடுத்த நாள்களில்தான் என் வகுப்பில் பேச்சு நின்றுபோனது. பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பதிலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். திக்கினால் திக்கட்டும். பாட்டியின் குரலைப் பள்ளியில் வைக்கும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள், கேட்பதையும் பிள்ளையே செய்யட்டும். பதிவுகளை வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

தவணை முடிவில் அந்தப் பாட்டி பள்ளிக்கு வந்தார். பேரன் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போய் டேப்லட்டைக் காட்டினான். தன் குரலையே கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மரம் வெட்டும் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "யாருடா இத வரைஞ்சது? வெட்டு இப்படிப் போகாது. இடது கைப்பக்கம் மேல, வலது கைப்பக்கம் கீழ. அப்பத்தான் பால் நல்லா எறங்கும்" என்று விரலால் சுவரில் கோடு இழுத்துக் காட்டினார். படம் வரைந்த பிள்ளை ஓடிப்போய் அழிப்பானை எடுத்து வந்தாள். பேரன் டேப்லட்டைத் தூக்கிப் பிடித்து, "பாட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.