வளையம் தெரியாத தோல்

வணக்கம் நேயர்களே. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் குடும்ப வைத்தியராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். உண்ணி கடித்து வருகிற லைம் நோய் பற்றிக் கதைக்க வர முடியுமா என்று இந்த நிலையத்தார் கேட்டபோது உடனே ஓம் என்று சொன்னேன். கோடை தொடங்கும் முன்னமே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம்.

சமையலறையில் நின்று கேட்பவர்கள் கசகசாப் போத்தலைத் திறந்து ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இந்த நோயைத் தருகிற கருங்கால் உண்ணி குஞ்சுப் பருவத்தில் அந்த அளவுதான். வளர்ந்தது ஓர் எள்ளளவு. ஊரில் நாயின் காதிலிருந்து பிடுங்கிய, ஊதிப் பெருத்த உண்ணியை நினைத்துக்கொண்டு தேடினால் இது அகப்படாது. கடிக்கும்போது நோகாது, பிறகு சொறியவும் சொல்லாது. அதனால்தான் "என்னை ஒன்றும் கடிக்கவில்லையே டொக்டர்" என்று வருகிறார்கள். அந்தச் சொல்லை வைத்து வைத்தியரும் விட்டுவிடக் கூடாது, நீங்களும் விட்டுவிடக் கூடாது.

சரி, தோலுக்கு வருவோம். லைம் என்றால் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு, சுற்றிவர ஒரு சிவப்பு வளையம் என்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளைத் தோலில் எடுத்த படம். வெள்ளைத் தோலிலேயே அநேகருக்கு வளையம் வருவதில்லை, வெறும் சிவப்புத் திட்டு மட்டுந்தான். நம்முடைய நிறத்தில் அது கத்தரிப்பூ நிறமாகவோ கடும் மண்ணிறமாகவோ, எங்கோ இடித்துக் கண்டிய இடம் போல இருக்கும். படை என்று களிம்பு பூசுவோம், சிலந்தி கடித்தது என்று விட்டுவிடுவோம். அது வருகிற இடமும் பொல்லாத இடம்: அக்குள், கவடு, முழங்காலின் பின்புறம், தலைமயிர் தொடங்கும் ஓரம். கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போதும் வரலாம். நிறத்தை விடுங்கள், வளர்கிறதா என்று பாருங்கள். பேனையால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் இந்த நோயைத் தோலில் கண்டுபிடிப்பது குறைவு, மூட்டு வீங்கிய பிறகு கண்டுபிடிப்பதுதான் அதிகம். நம்முடைய சனத்துக்கும் அதுவே நடக்கிறது என்பது என் அனுபவம்.

ஓர் ஆவணி மாதம். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, வாய் ஒரு பக்கம் கோணியபடி வந்தார். பாரிசவாதம் என்று பயந்து முதலே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அது செய்ய வேண்டியதுதான். வாய் கோணினால் முதலில் 911 அவசர இலக்கம், மற்றதெல்லாம் பிறகு. பாரிசவாதம் இல்லை, முக நரம்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்த அன்று மற்றப் பக்கமும் இழுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் இழுத்தால் லைம் நோயை நினைத்தே ஆக வேண்டும். "எங்கே நடக்கப் போகிறீர்கள் அம்மா?" என்றேன். பேரப்பிள்ளைகளோடு ரூஜ் பூங்காவில், ஒவ்வொரு பின்னேரமும். முழங்காலின் பின்புறத்தைப் பார்த்தால் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போன மண்ணிறத் திட்டு. "சீலை உடுக்கிறவளுக்குக் காலின் பின்பக்கம் எப்படித் தெரியும் பிள்ளை?" என்றார். எனக்கு அது இன்றைக்கும் காதில் கேட்கிறது. சில வாரம் மருந்து எடுத்தார், முகம் நேரானது.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனெக்ரிக்கட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். அங்கே பொலி மறே என்று ஓர் ஓவியர், நான்கு பிள்ளைகளின் தாய். வீட்டில் மாறி மாறி மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல். வருடக்கணக்காக வைத்தியர்களிடம் அலைந்தார். எல்லாம் மனப்பிரமை என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்: யாருக்கு, எந்த மாதம், எந்த மூட்டு. அயலில் யார் யாருக்கு என்றும் எழுதினார். 1975இல் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்குப் போன் எடுத்தார். அயல் ஊர்த் தாய் ஒருவரும் எடுத்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து அலன் ஸ்ரீயர் என்ற இளம் வைத்தியர் வந்து விசாரித்தார். 51 பேர், அவர்களில் 39 பேர் பிள்ளைகள். காட்டோரத் தெருக்களில் இருப்பவர்கள், கோடையில் தொடங்கிய நோய். நாலில் ஒருவருக்கு முதலில் ஒரு தடிப்பு வந்த ஞாபகம் இருந்தது. 1982இல் வில்லி பேர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் வயிற்றிலிருந்து கிருமியைக் கண்டுபிடித்த செய்தி வந்தது. விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியது ஒரு தாயின் கொப்பி. எந்த மாதம், எங்கே நடந்தீர்கள், எப்போது தொடங்கியது என்று நீங்களும் எழுதிக் கொண்டுவாருங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட உதவி வேறில்லை.

"அது அமெரிக்கக் கதைதானே" என்பவர்களுக்கு: 1990களின் தொடக்கம் வரை கனடாவில் இந்த உண்ணி குடியிருந்ததாகத் தெரிந்த இடம் ஈரி ஏரிக்கரையில் லோங் பொயின்ற் மட்டுந்தான். குளிர் குறையக் குறைய, பறவைகளில் ஒட்டிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது. நாடு முழுவதும் 2009இல் 144 பேர், 2017இல் இரண்டாயிரத்துக்கு மேல்.

இனி முழங்கால். பலாப்பழம் போல வீங்கும், ஆனால் வீக்கத்துக்கு ஏற்ற நோவு இராது. பிள்ளைகளுக்கு வந்தால் விளையாடும்போது விழுந்திருப்பான் என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் இராத்திரியில் கூடுகிற நரம்பு நோவு, முதுகிலிருந்து விலாவுக்கோ காலுக்கோ ஓடும். முதுகெலும்பு பிசகியது என்று எண்ணெய் தேய்ப்பார்கள். இரத்தப் பரிசோதனை முதல் வாரங்களில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. "ரெஸ்ற் நல்லாய் வந்தது" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். திட்டு வளர்ந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவோம்.

அறிவிப்பாளர் தங்கை இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடந்தான். இருதயத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். இளம் வயதில் திடீரென்று தலை சுற்றி விழுந்தால், நாடி மெதுவாக ஓடினால், அது கோடையாகவோ இலையுதிர் காலமாகவோ இருந்தால், லைமாக இருக்குமா என்று அவசரப் பிரிவில் கேளுங்கள். நிமிடக்கணக்கில் மோசமாகலாம். 2012, 2013இல் அமெரிக்காவில் மூன்று பேர் இப்படித் திடீரென்று இறந்தார்கள், நாற்பது வயது ஆகாதவர்கள். நேரத்தோடு பிடித்தால் மருந்திலேயே சரியாகும், நாடியைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை நிரந்தரமாக வைக்கப் பெரும்பாலும் தேவைப்படாது.

உண்ணியைக் கண்டால் எண்ணெய் பூசாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். கூர்மையான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நீண்ட நேரம் ஒட்டியிருந்ததென்றால் எடுத்த 72 மணித்தியாலத்துக்குள் மருந்துக்கடைக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 2023 தை மாதம் முதல் மருந்தாளரே கிருமியைக் கொல்லும் டொக்சிசைக்கிளின் மருந்தை ஒரு வேளைக்கு எழுதித் தரலாம். இன்றைக்குக் குளிக்கும்போது முழங்காலின் பின்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.