ஒற்றை விரல்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளாக மேடைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனத்த ஸ்வரங்களுக்கான கிட்டார், வாசித்துவருகிறேன். வானொலியில் பேச அழைத்தபோது, என் குருவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் வாசித்த பாட்டுகளை மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

1936இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், எடிஸ்டோ என்ற தீவில் பிறந்தவர். 1954இல் தாயோடு டெட்ராய்ட் நகருக்கு வந்தார். பள்ளியில் அவர் கையில் எடுத்தது டபுள் பேஸ். ஆளுயரத்துக்கு நிற்கும் வாத்தியம், தடித்த தந்திகள். படிப்பு முடியும் முன்பே ஜாஸ் கிளப்களில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

1959இல் பெர்ரி கார்டி என்பவர் டெட்ராய்ட்டில் ஒரு வீட்டை வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார். அதுதான் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம். கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கிய அந்த அறைக்குக் கலைஞர்கள் வைத்த பெயர் ‘பாம்புக்குழி’. பகலில் அங்கே மூன்று நிமிடப் பாட்டுகள், இரவில் கிளப்பில் ஜாஸ். ஜேமர்சனும் அவருடைய சகாக்களும் இப்படித்தான் இரண்டு வேலை பார்த்தார்கள். இரவில் வாசித்தது பகலில் கசியாமல் இருக்குமா?

கசிந்தது. அதுவரை பாப் பாட்டில் பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பின், மூல ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பார். ஜேமர்சன் அப்படி நிற்கவில்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போவார். வழியில் உள்ள அரைஸ்வரங்களைத் தொட்டுக்கொண்டு போவார். எதிர்பார்க்கும் இடத்தில் வாசிக்காமல் தாளத்தில் சற்றே தள்ளி வந்து விழுவார். ஆனாலும் தாளம் இம்மியும் நகராது. பல பாட்டுகளுக்கு அவர் முன்னால் இருந்த தாளில் கார்டுகளின் பெயர்தான் இருக்கும். மற்றதெல்லாம் அவர் அந்த நேரத்தில் போட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் பேஸுக்கு, அதாவது பேஸ் கிட்டாருக்கு, மாறினார். 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெண்டர் பிரிசிஷன் அவருடைய பிரியமான வாத்தியம். ஆனால் கை டபுள் பேஸ் வாசித்த கைதான். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டுமே மீட்டுவார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர் வந்துவிட்டது. தடித்த தந்திகள், அவையும் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். விரல் அழுக்கு ஏறிய தந்தியில்தான் அந்தச் சத்தம் பிறக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

அவர் வாசித்த ‘பெர்னடெட்’ பாட்டை நானும் ஒற்றை விரலில் வாசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் முன்கை இறுகிப்போய் விரல் பின்தங்கிவிடுகிறது. இரண்டு விரலால் வாசித்தால் எல்லா ஸ்வரமும் வந்துவிடும். ஆனால் அந்த நடை வராது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே விரல், ஒரே எடை என்பதால் வரும் நடை அது.

இத்தனைக்கும் பல வருடங்கள் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. பாடகர் பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி போன்றவர்கள் அந்த பேஸை உன்னிப்பாகக் கேட்டுக் கற்றுக்கொண்டது இப்படிப் பெயர் அச்சாகாத தட்டுகளிலிருந்துதான். 1971இல் மோட்டவுன் பாடகர் மார்வின் கே தன்னுடைய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் உறையில் வாசித்தவர்களின் பெயர்களைப் போட்டார். அதில் ஜேமர்சனுக்கு மட்டும் ஈடிணையற்றவர் என்று ஓர் அடைமொழி. அந்தத் தலைப்புப் பாட்டின் பதிவுக்கு அவரை ஒரு மதுக்கூடத்திலிருந்து தேடிக் கூட்டிவந்தார்கள் என்றும், நிமிர்ந்து உட்கார முடியாமல் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்றும் சொல்கிறார்கள். பாட்டைக் கேட்டால் அப்படித் தெரியவே தெரியாது.

குடி அவரை விடவில்லை. 1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு அவரும் போனார். அங்கே புதுத் தந்தி கேட்டார்கள், பளிச்சென்ற சத்தம் கேட்டார்கள். அவர் மாறவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா. தன் விரல் மேல் நின்ற பாட்டுகளை மேடையில் மற்றவர்கள் பாட, அவர் டிக்கெட் வாங்கி மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி காலமானார். வயது 47. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் அந்த ஃபெண்டர் திருடுபோயிருந்தது.

2000இல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமைப்பான அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணிக் கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. சாக்சஃபோன் வாசித்த கிங் கர்டிஸ் உள்ளிட்ட ஐந்து பேர் முதலில் சேர்க்கப்பட்டார்கள். அதில் ஜேமர்சனும் ஒருவர்.

சின்ன ரேடியோவில் பேஸ் அவ்வளவாகக் கேட்காது. வீட்டில் ஹெட்ஃபோன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘மை கேர்ள்’ பாட்டு வருகிறது. கிட்டார் சேர்வதற்கு முன்னால் பேஸ் மட்டும் தனியாக வரும். அது அவர்.