அவன் மனம் மூடியே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

துப்பறியும் ஜோடியின் காதலை ரசிகர்கள் கதையாக எழுதும்போது ஒருவர் பார்வையில் சொல்வது சிறப்பா, இருவர் பார்வையிலும் மாறி மாறிச் சொல்வது சிறப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. ஒருவர் பார்வையே சிறப்பு என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "காதல் இரண்டு பேர் சமாச்சாரம், ஒருவரை மட்டும் பேசவிட்டால் அது பாதிக் காதல்" என்றார். கைதட்டலும் வாங்கினார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் பேசுவது வெறும் காதல் கதையைப் பற்றி இல்லையே, நடுவர் அவர்களே. துப்பறிகிறவர்களின் காதல் கதை. அந்த 'துப்பறிகிற' என்ற சொல்லைச் சகோதரி தொடவே இல்லை.

இந்த வகைக் கதையில் எப்போதும் இரண்டு வழக்குகள் ஓடுகின்றன. ஒன்று வெளியே: பிணம், தடயம், சந்தேக நபர். இன்னொன்று காருக்குள்ளே: பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு என் மேல் என்ன? வாசகர் இரண்டையும் சேர்த்தே துப்பறிகிறார். இரண்டு மனதையும் மாறி மாறித் திறந்து காட்டினால் உள்வழக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்துபோகும். அவளுக்கும் ஆசை, அவனுக்கும் ஆசை, நமக்கு இரண்டுமே தெரியும். மிச்சம் இருபது அத்தியாயத்துக்கு "சொல்லித் தொலைங்களேன்" என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைக் காத்திருப்பு என்று சொல்ல மாட்டேன், வெறும் தாமதம் அது.

எல்லோருக்கும் தெரிந்த ஜோடியையே எடுத்துக்கொள்கிறேன். 1993 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி எக்ஸ் ஃபைல்ஸ்'. விடை தெரியாத விசித்திர வழக்குகளைத் துப்பறியும் எஃப்பிஐ ஏஜென்ட்கள் மல்டரும் ஸ்கல்லியும். இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற 'ஷிப்பர்', அதாவது ஒரு ஜோடி காதலில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிற ரசிகர், என்ற சொல்லே இந்தத் தொடரின் ரசிகர்கள் வழியாகத்தான் பரவியது. முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். ஸ்கல்லி எதற்காக மல்டரின் அடித்தள அலுவலக அறைக்கு வருகிறாள்? மல்டரின் வேலையைக் கவனித்து மேலிடத்துக்கு அறிக்கை எழுத. ஆரம்ப எபிசோடுகளில் கணினி முன்னால் உட்கார்ந்து அறிக்கையைத் தட்டச்சு செய்கிறாள், அவள் குரல் நமக்குக் கேட்கிறது. யார் பார்ப்பவர், யார் பார்க்கப்படுபவர் என்பதைத் தொடரே வாசலில் வைத்துத் தந்துவிட்டது.

அவள் மருத்துவம் படித்தவள். சான்று இல்லாமல் எதையும் ஏற்கமாட்டாள். அப்படிப்பட்டவள் கண் வழியாகக் காதலைச் சொன்னால் என்ன ஆகும்? தடயங்களை ஒன்று விடாமல் பதிவு செய்வாள், முடிவை மட்டும் எழுதமாட்டாள். அந்த முடிவை எழுதுகிற வேலை வாசகருக்கு வந்து சேர்கிறது. அந்த வேலைக்காகத்தானே நாம் இரவு இரண்டு மணி வரை படிக்கிறோம்?

ஒரு சின்னக் காட்சியைச் சொல்லிப் பார்க்கிறேன். ராத்திரி, காருக்குள் இருவரும் ஒரு வீட்டைக் கண்காணிக்கிறார்கள். அவன் சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாகக் கொறித்துத் தோலைக் காகித கப்பில் போட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் லேசாகக் கண் அசந்துபோகிறாள். விழித்தபோது அவள் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருக்கிறது. கொறிக்கும் சத்தம் இல்லை. விதைப் பொட்டலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவன் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள்: நாற்பது நிமிஷம். எழுப்பியிருக்கலாமே என்று கோபப்படுகிறாள்.

அவ்வளவுதான் காட்சி. இப்போது எதிரணி கேட்கிறபடி அவன் மனதையும் திறக்கிறேன்: "அவளுக்குக் குளிருமே என்று கண்ணாடியை ஏற்றினான். சத்தத்தில் எழுந்துவிடுவாளோ என்று விதை கொறிப்பதை நிறுத்தினான்." போச்சு! மடித்த பொட்டலம் இனி வெறும் பொட்டலம்தான். நாற்பது நிமிஷம் அவன் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதை நீங்களாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"சரி, அந்தத் தொடரிலேயே இருவர் பார்வையும் வந்ததே" என்று எதிரணி நண்பர் 1998இல் ஒளிபரப்பான 'பேட் ப்ளட்' எபிசோடைக் காட்டினார். நல்ல சாட்சி. ஆனால் அவர் கூட்டி வந்த சாட்சி பேசுவது என் கட்சிக்கு. அதில் ஒரே வழக்கை முதலில் ஸ்கல்லியும் அப்புறம் மல்டரும் சொல்கிறார்கள். ஸ்கல்லி சொல்லும்போது அந்த ஊர் ஷெரிஃப், அதாவது போலீஸ் அதிகாரி, அழகான ஆள். மல்டர் சொல்லும்போது அதே ஆளுக்குப் பல் துருத்திக்கொண்டு நிற்கிறது! ஸ்கல்லி மறுக்கிறாள், அவன் விடுவதாக இல்லை. பொறாமை என்ற சொல்லை அவன் வாய் சொல்லவே இல்லை. அந்தப் பல் சொல்லிவிட்டது. எப்படி முடிந்தது? அந்தப் பாதி முழுக்க அவன் தலைக்குள்ளேயே நாம் பூட்டப்பட்டிருந்ததால். நடுவில் ஒரு வரி வெளியே வந்து "அவன் பொறாமைப்பட்டான்" என்று விளக்கியிருந்தால் அந்தப் பல்லுக்கு என்ன வேலை?

இதற்கெல்லாம் மூத்த ஜோடி துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும். ஐம்பத்தாறு சிறுகதைகளும் நான்கு நாவல்களும் உண்டு. ஏறக்குறைய எல்லாமே வாட்சன் சொல்வது. ஹோம்ஸ் தானே சொல்கிற கதைகள் இரண்டே இரண்டு, இரண்டும் 1926இல் வந்தவை. அவற்றை ஆசையாகத் தேடிப்போய்ப் படிக்கிறவர்கள் குறைவு. ஆனால் 1924இல் வந்த ஒரு கதையில் வாட்சனுக்குத் தொடையில் குண்டடி படும். ஹோம்ஸ் பதறி, பேனாக்கத்தியால் அவர் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்ப்பார். அவர் கண் கலங்குவதையும் உதடு நடுங்குவதையும் வாட்சன் பார்ப்பார். பார்த்தது அவ்வளவுதான். இந்த இருவரின் காதலை எழுதுகிறவர்கள் அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனையோ முறை திரும்பிப் போயிருக்கிறார்கள். ஹோம்ஸ் மனதைத் திறந்து வைத்திருந்தால் அந்த உதட்டை யார் கவனித்திருப்பார்கள்?

ஒருவர் பார்வையில் எழுதினால் மற்றவர் பொம்மையாகிவிடுவார் என்ற பயத்தையும் சொன்னார்கள். புதிதாக ஒரு நாவல் எழுதுகிறவருக்கு அது நியாயமான பயம். ரசிகர் கதை எழுதுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம். ஏனென்றால் நம் வாசகர் வெறுங்கையோடு வருவதில்லை. மல்டரும் ஸ்கல்லியும் புத்தாண்டு முத்தம் கொடுத்துக்கொள்ள 1999 வரை, ஏழாவது சீசன் வரை காத்திருந்தவர் அவர். மல்டர் மௌனமாக இருந்தால் அது எந்த மாதிரி மௌனம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது மனதை அவர் கையோடு கொண்டுவருகிறார். அதை அச்சடித்துக் கொடுப்பது அவரை நம்பாத செயல், நடுவர் அவர்களே.

நம் அகப்பாட்டு இதைத்தானே செய்தது? ஒரு பாட்டுக்கு ஒரே கூற்று. தலைவி பேசினால் தலைவி மட்டும். குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி சொல்கிறாளே, அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், ஆரல் மீனுக்குக் காத்து நின்ற குருகும் இருந்தது என்று. குற்றவாளி, சாட்சி, வாக்குமூலம் எல்லாம் ஐந்தே அடிக்குள். கள்வன் மனதில் என்ன இருந்தது என்று கபிலர் ஆறாவது அடி எழுதவில்லை.

நானும் எழுதுகிறவள். மல்டர், ஸ்கல்லி ஜோடிக்காகப் பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒரு வழக்குக் கதை எழுதினேன், ஆறு அவளுக்கு, ஆறு அவனுக்கு. முதலில் படித்த என் தோழி, "எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நான் என்னத்த கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அப்புறம் அவனுடைய ஆறு அத்தியாயங்களையும் எடுத்துவிட்டேன். கடைசிக் காட்சியில் அவன் விமான நிலையத்திலிருந்து திரும்பி வருவான். கையில் அவளுடைய குடை இருக்கும். ஏன் வந்தான் என்பது நான் எடுத்த பக்கங்களில் இருந்தது. இப்போது படிக்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் தோழி சொன்ன காரணம், நான் எழுதி வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.

தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.