புகலிட நேர்காணலும் பிசகும் தேதிகளும்

நேயர்களுக்கு வணக்கம். நாட்டை விட்டு ஓடிவந்த எல்லோரையும் நாம் அகதி என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடக் கோரிக்கையாளர். அமெரிக்காவில் இன்னொரு வேறுபாடும் உண்டு: வெளிநாட்டில் இருந்தபடியே தேர்வாகி வருபவர் அகதி, எல்லையிலோ உள்ளே வந்தபிறகோ கேட்பவர் புகலிடம் கோருபவர். உள்ளே வந்தவர் பொதுவாக ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நிரூபிப்பது கடினம்.

ஒருவரை அகதியாக ஏற்க, அவர் அஞ்சும் துன்புறுத்தலுக்கு 1951ஆம் ஆண்டு சர்வதேச அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. "ஊரில் சண்டை, உயிருக்குப் பயம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அது மட்டும் போதாது. ஏன் உங்களைத் தேடுகிறார்கள், அது இந்த ஐந்தில் எதனால், உங்கள் அரசு ஏன் காப்பாற்றவில்லை, அதே நாட்டில் வேறு ஊருக்குப் போய் ஏன் வாழ முடியாது என்று நேர்காணலில் அதிகாரி கேட்பார். நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லாவிட்டாலும், துன்புறுத்துபவர் உங்களை எதிர்க்கட்சிக்காரர் என்று நம்பினாலே அரசியல் கருத்து என்ற காரணம் பொருந்தக்கூடும். பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

நேர்காணலில் உண்மையைச் சொல்பவர்களே சறுக்குவது தேதிகளில்தான். விண்ணப்பத்தில் மார்ச், வாய்மொழியில் மே என்றால் நம்பகத்தன்மை போய்விடக்கூடும். நினைவில்லாத தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். "தேர்தலுக்கு முந்தைய வாரம்" என்பது தவறான தேதியைவிட மேல். உங்கள் ஊர் நாட்காட்டி வேறென்றால் அதையும் சொல்லுங்கள். எத்தியோப்பிய ஆண்டுக்கணக்கு ஏழெட்டு வருடம் பின்தங்கியது.

மொழிபெயர்ப்பாளரின் பேச்சு புரியவில்லையென்றால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினால், பிழையைத் திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள். சித்திரவதையையும் பாலியல் வன்முறையையும் முதல் தடவை சொல்ல நா எழாது. ஆனால் பிறகு சொன்னால், "முன்பு ஏன் சொல்லவில்லை" என்று சந்தேகப்படுகிறார்கள். இது கொடுமையானது. பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.

போலிக் கடவுச்சீட்டில் வந்திருந்தால் மறைக்காதீர்கள். ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் போய், தக்க காரணமும் சொல்பவரைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு.

மறுப்புக் கடிதம் வந்தால், அது கைக்கு வந்த தேதியை உடனே குறித்துவைத்து வழக்கறிஞரிடம் போங்கள். மேல்முறையீட்டுக்குத் தரும் அவகாசம் பல நாடுகளில் சில வாரங்கள்தான்.

அகதி அந்தஸ்து கிடைத்தபின், தப்பிவந்த நாட்டின் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காதீர்கள். அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கொண்டு அந்தஸ்தையே நீக்கலாம். பயணம் போக, அடைக்கலம் தந்த நாட்டிடம் அகதிப் பயண ஆவணம் கேளுங்கள்.