பெக்கா பள்ளத்தாக்கின் முசார்

நேயர்களுக்கு வணக்கம். உயர்ந்த சிவப்பு ஒயினின் குணங்கள் என்னென்ன என்று நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிற என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் எல்லோரும் நேராகப் பிரான்சுக்குப் போய்விடுவார்கள். நான் லெபனானுக்குப் போகிறேன். அங்கே ஷாத்தோ முசார் என்றொரு ஒயின். பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்தால் அதில் குற்றம் கண்டுபிடிக்கலாம். நானே கண்டுபிடிப்பேன். ஆனாலும் உலகின் பெரிய ஒயின்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

முதலில் இடம். லெபனான் மலைத்தொடருக்கும், அதற்குக் கிழக்கே ஓடும் இன்னொரு தொடருக்கும் நடுவில் இருக்கிறது பெக்கா. பெயர்தான் பள்ளத்தாக்கு, முசாரின் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பால்பெக் நகரில் ரோமானியர் காலத்து பாக்கஸ் கோயில், அதாவது ஒயின் தெய்வத்தின் கோயில், நிற்கிறதே, அதுவும் இதே பள்ளத்தாக்குதான். கோடையில் பகலெல்லாம் வெயில் காயும், பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கும். வெயிலால் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரவுக் குளிரால் புளிப்பு வீணாகாமல் தங்குகிறது. வெப்பமான ஊர்களின் ஒயின் பலவற்றில் இனிப்பு வாசனையும் ஆல்கஹாலின் காரமும் தூக்கலாக இருக்கும், பின்னால் பிடிமானம் இருக்காது. முசாருக்கு அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பது இந்த உயரம்.

திராட்சை மூன்று வகை. கேபர்னே சொவின்யோன் துவர்ப்பைத் தருகிறது, கரின்யான் புளிப்பையும் அடர் நிறத்தையும், சான்சோ மணத்தை. பிரான்சின் பேர்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவில் இவற்றில் முதல் வகைக்குத்தான் மரியாதை. மற்ற இரண்டையும் தென் பிரான்சில் வெகுகாலம் மலிவு ஒயினுக்காகவே வளர்த்தார்கள். முசாரில் மூன்றும் ஒரே பந்தியில் உட்காருகின்றன. யாருக்கு எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தனித்தனியாகப் புளிக்கவைத்து, ஓராண்டு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்து, பிறகு கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். அதோடு விட்டுவிடுவதில்லை. பாட்டில்கள் மேலும் சில ஆண்டுகள் நிலவறையில் கிடந்து, அறுவடை முடிந்து ஏழாம் ஆண்டில்தான் கடைக்கு வரும். அத்தனை காலம் முதலை முடக்கிவைக்க எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பார்!

காஸ்தோன் ஹோஷார் 1930இல் இதைத் தொடங்கினார். அவருடைய மகன் செர்ஜ் ஹோஷார் 1959இல் ஒயின் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றார். செர்ஜ் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் அறிவியல் படித்தவர். சுத்தமான பாத்திரம், கட்டுப்பாடான வெப்பம், கெட்ட நுண்ணுயிருக்கு இடம் கொடாமை என்று நவீன ஒயின் கலைக்கு ஒழுங்கு கற்பித்த ஊர் அது. அதையெல்லாம் நன்றாகப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. தோசை மாவு எப்படித் தானாகப் பொங்குகிறதோ அப்படி, பழத்தோலிலும் கூடத்திலும் இருக்கிற ஈஸ்டே சிமெண்ட் தொட்டியில் வேலை செய்யட்டும் என்று விட்டார். நுண்ணுயிர்களை அடக்கச் சேர்க்கிற கந்தக டை ஆக்சைடு மிகக் குறைவு. வடிகட்டுவதும் கிடையாது.

விளைவு? அசெடிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம், மற்ற ஒயின்களைவிடச் சற்று அதிகம். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 1.2 கிராம் வரை என்று ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்கு வெகு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். நகப்பூச்சு வாசனை மாதிரி ஒன்று மெல்ல எழும். கூடவே பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட். பீப்பாய் மரத்தின் நுண்துளைகளில் குடியிருப்பது. பழைய தோல், குதிரை லாயம் என்று வாசனை தரும். என் மாணவர்கள் விடைத்தாளில் இவ்விரண்டையும் 'கேடு' என்றுதான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை.

ஆனால் அளவோடு இருக்கும்போது அந்த அமிலம் மற்ற மணங்களையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. செர்ரி, உலர்ந்த அத்தி, பேரீச்சை, கிராம்பு, பட்டை, அதற்குப் பின்னால் அந்தத் தோல் வாசனை. நிறம் இளமையிலேயே அவ்வளவு கறுப்பல்ல. வயதானால் செங்கல் நிறம் ஓரத்தில் படரும். நாக்கில் எடை குறைவு, ஆனால் விழுங்கிய பிறகும் நெடுநேரம் நிற்கும். அந்த நீட்சிதான் நான் மதிக்கும் முதல் குணம். எல்லாப் பாட்டிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் வினிகர் வென்றுவிடும். அதையும் 'தனித்தன்மை' என்று புகழ்கிற ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை, கெட்டது கெட்டதுதான்.

போர்க்கதையைச் சொல்லாமல் முசாரைப் பற்றிப் பேச முடியாது. தோட்டம் பெக்காவில், ஒயின் கூடமோ மலைக்கு அந்தப் பக்கம், பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டுக்கும் நடுவே சண்டைக் களம். 1976இல் ஒயினே இல்லை. 1984இல் லாரிகள் சுற்றிவளைத்து வந்து சேருவதற்குள் பழம் வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டது. உள்ளூர் வியாபாரம் படுத்த அந்தப் போர்க்காலத்தில், 1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒயின் சந்தையில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் மைக்கேல் பிராட்பெண்ட் இதைச் சுவைத்துப் பாராட்டினார். பிரிட்டன் வாங்கத் தொடங்கியது. 'டிகான்டர்' என்ற பிரிட்டிஷ் ஒயின் இதழ் 1984இல் தன் முதல் 'ஆண்டின் மனிதர்' விருதை செர்ஜுக்குத்தான் கொடுத்தது. குண்டுக்கு நடுவே செய்த ஒயின் என்ற இரக்கத்தால் வந்த புகழ் என்பார்கள் சிலர். இரக்கத்துக்காக ஒரு பாட்டில் வாங்கலாம், நாற்பது வருடம் தொடர்ந்து வாங்குவார்களா?

எங்காவது வெளிநாட்டில் கிடைத்தால், முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றி, சில மணி நேரம் காற்றாட விடுங்கள். 18 டிகிரி போதும், நம் ஊர் அறைச் சூடு இதற்கு ஆகாது. மிச்சமிருந்தால் கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலான சிவப்பு ஒயின் மறுநாள் வாடிவிடும், முசார் பல சமயம் மறுநாள்தான் நன்றாக இருக்கும். நன்றி, வணக்கம்.